இலவச டெமோ கேமுக்கு ‘ஐ அக்ரீ’ கொடுத்தால் எதற்கெல்லாம் சம்மதம்? லைசென்ஸில் ஒளிந்திருக்கும் விசித்திர விதிகள்

திருவண்ணாமலையில் பிளஸ் ஒன் படிக்கும் ஒரு மாணவர், லீவு நாளில் ஒரு கேமின் இலவச டெமோவை டவுன்லோடு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திரையில் நீளமான ஆங்கில ஒப்பந்தம் வருகிறது. கடைசிவரை தள்ளிவிட்டு ‘ஐ அக்ரீ’ பட்டனைத் தட்டுகிறார். கேம் ஓடத் தொடங்கிவிடுகிறது. அவர் எதற்கெல்லாம் சம்மதம் சொன்னார்?

யாரும் இதைப் படிப்பதில்லை என்பது நிறுவனங்களுக்கும் தெரியும். 2010 ஏப்ரல் 1 அன்று பிரிட்டனின் ‘கேம்ஸ்டேஷன்’ கடை, வாடிக்கையாளரின் அழியாத ஆன்மா இனி தனக்கே சொந்தம் என்று ஆன்லைன் விற்பனை விதிகளில் சேர்த்தது. ஏப்ரல் ஃபூல் விளையாட்டுதான். மறுத்து கிளிக் செய்தவர்களுக்கு 5 பவுண்டு கூப்பன் காத்திருந்தது. சுமார் 7,500 பேர் ஆன்மாவை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனதாக நிறுவனம் பிறகு சொன்னது.

கேமுக்கும் அணு ஆயுதத்துக்கும் என்ன சம்பந்தம்?

பாட்டு கேட்கும் ஐடியூன்ஸ் மென்பொருளின் ஒப்பந்தத்திலேயே, இதை வைத்து அணு ஆயுதமோ ஏவுகணையோ தயாரிக்கக் கூடாது என்று இருந்தது. காரணம், அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம். நாட்டு எல்லையைத் தாண்டி டவுன்லோடு ஆகும் மென்பொருளும் ஏற்றுமதிக் கணக்கில் வரும் என்பதால், வக்கீல்கள் இந்தப் பத்தியை எல்லாவற்றிலும் ஒட்டிவிடுகிறார்கள்.

அமேசானின் ‘லம்பர்யார்ட்’ கேம் இன்ஜின் 2016ல் இதையே கிண்டலடித்தது. மருத்துவக் கருவிகளிலும் அணு உலைகளிலும் பயன்படுத்தக் கூடாது. ஆனால் செத்தவர்கள் எழுந்து மனிதரைத் தின்னும் தொற்று பரவியதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சான்று கொடுத்தால் தடை இல்லை என்றது.

டெமோவில் எது வில்லங்கம்?

சிரிப்பு வராத விதிகள்தான் உண்மையில் கடிக்கும். ‘நஷ்ட ஈடு நீங்கள் கட்டிய தொகையைத் தாண்டாது’ என்பது பல ஒப்பந்தங்களில் உண்டு. டெமோவுக்குக் கட்டியது 0 ரூபாய். கணக்கு அங்கேயே முடிந்தது.

இன்னொன்று, ‘எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறுவோம்’. 2014 ஆகஸ்டில் கொனாமி நிறுவனம் பிளேஸ்டேஷன் 4ல் ‘பி.டி.’ என்ற இலவச டெமோவை வெளியிட்டது. ‘சைலன்ட் ஹில்ஸ்’ கேமுக்கான முன்னோட்டம் அது. கேமே கைவிடப்பட்டது. 2015 ஏப்ரலில் டெமோவும் ஸ்டோரில் இருந்து நீக்கப்பட்டது. அழித்தவர்களால் பிறகு மறுபடி டவுன்லோடு செய்ய முடியவில்லை.

இந்தியாவில் இதெல்லாம் செல்லுமா?

கிளிக் செய்தது மின்னணு முறையில் என்பதற்காக மட்டும் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு. ஆனால் 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் அடியோடு செல்லாது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தை வைத்து பிரிவி கவுன்சில் 1903லேயே இதைச் சொல்லிவிட்டது. ஆக, நம்ம பிளஸ் ஒன் மாணவரின் ‘ஐ அக்ரீ’ அவரைக் கட்டுப்படுத்தாது. அம்மாவின் அக்கவுன்ட்டில் இருந்து தட்டியிருந்தால் கதை வேறு. ஒப்பந்தம் அம்மா பெயரில் பதிவாகும். ‘நான் தட்டவில்லை’ என்று காட்டும் வேலையும் அவர் தலையில்தான் விழும்.

‘வழக்கு என்றால் கலிஃபோர்னியா கோர்ட்டுக்குத்தான் வர வேண்டும்’ என்பது போன்ற வரிகளும் வரும். இதற்கு நம்ம ஊர் உதாரணமே உண்டு. சேலத்தைச் சேர்ந்த ஏ.பி. ஏஜென்சீஸுக்கும் குஜராத்தின் ஏ.பி.சி. லாமினார்ட்டுக்கும் உலோக இழை நூல் வியாபாரத்தில் தகராறு. ஒப்பந்தத்தில் ‘கைரா கோர்ட் எல்லைக்கு உட்பட்டது’ என்று இருந்தது. ‘மட்டும்’ என்ற சொல் இல்லாததால் சேலத்திலும் வழக்கு நடத்தலாம் என்று 1989ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால்தான் இன்றைய ஒப்பந்தங்களில் அந்த ‘மட்டும்’ தவறாமல் இருக்கிறது.

நுகர்வோர் சட்டம் இதைவிட இளகியது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது திருவண்ணாமலை நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். ஒரு சிக்கல்: விலை கொடுத்தவர், கொடுப்பதாக ஒப்புக்கொண்டவர்தான் அந்தச் சட்டத்தில் நுகர்வோர். சுத்த இலவச டெமோவுக்கு அந்தக் கதவு திறப்பது கஷ்டம். கார்டு விவரம் வாங்கிக்கொண்டு, சில நாள் கழித்துத் தானாகப் பணம் எடுக்கும் ‘ஃப்ரீ ட்ரையல்’ என்றால் திறக்கும். தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் எண் 1915.