பக்கவாதமும் பக்கம் இழந்த உலகமும்: இடப்புறப் புறக்கணிப்பு ஆய்வின் வரலாறு

முன்னுரை

பக்கவாதம் என்னும் சொல் உடலின் ஒரு பக்கம் செயலிழப்பதைச் சுட்டுகிறது. சித்த மருத்துவ மரபு வாத நோய்களை 80 ஆக வகுத்து, இதனை அவற்றுள் ஒன்றாக வைக்கிறது. ஆயின் மூளையின் வலப்பாதி தாக்குண்ட நோயர் பலரிடத்து, உடலின் இடப்பக்கத்தோடு உலகின் இடப்பக்கமும் மறைந்துவிடுகிறது. கண்ணில் குறையில்லாதபோதும் அவர்கள் இலையின் இடப்பாதியில் பரிமாறியதை உண்ணாமலே எழுவர். முகத்தின் வலப்பக்கத்தை மட்டும் மழித்துக்கொள்வர். இல்லத்தார் இதனைப் பிடிவாதம் என்றோ புத்தி பேதலித்தது என்றோ கொள்வதுண்டு. இக்குறை மருத்துவ அறிவாக உருப்பெற்ற வரலாற்றையும், தமிழில் அதனைப் 'புறக்கணிப்பு' எனச் சுட்டுவதன் பொருத்தத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

வழிதவறியோரும் நினைவுச் சதுக்கமும்

1941 இல் ஆங்கிலேய நரம்பியலர் ரஸ்ஸல் பிரெய்ன், தம் சொந்த வீட்டுக்குள்ளேயே வழிதவறிய நோயர் மூவரைப் பற்றி எழுதினார். இடப்பக்கம் திரும்ப வேண்டிய இடங்களில் அவர்கள் வலப்பக்கம் திரும்பினர். இது பார்வைக் குறையோ வழி மறதியோ அன்று, புறவெளியின் ஒரு பாதி கருத்திலிருந்து நீங்கியதன் விளைவு என்பது அவர் கண்டது.

1978 இல் இத்தாலியின் பிசியாக், லுசாத்தி இருவரும் மேலும் ஒரு படி சென்றனர். மிலான் நகரத்து நோயர் இருவரிடம், பேராலயச் சதுக்கத்தில் ஆலயத்தை நோக்கி நிற்பதாக எண்ணிக்கொண்டு அங்குள்ளவற்றைக் கூறுமாறு கேட்டனர். வலப்புறக் கட்டடங்களே பெரிதும் கூறப்பட்டன. ஆலயத்தின் வாயிலில் நின்று சதுக்கத்தை நோக்குவதாக எண்ணச் சொன்னபோது, முன்பு விடுபட்டவை நாவில் வந்தன. முன்பு கூறியவை விடுபட்டன. நினைவு அழியவில்லை; அதன் இடப்பாதியை எட்டுதலே இயலாதுபோயிற்று.

கண்ணாடியும் மூளையும்

1950 இல் பா. ராமமூர்த்தி சென்னைப் பொது மருத்துவமனையில் நரம்பு அறுவை மருத்துவத்தைத் தொடங்கியதைத் தமிழ் மருத்துவ வரலாறு நினைவுகூர்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். ராமச்சந்திரனோ மாய உறுப்பு ஆய்வுக்காகவே பெரிதும் பேசப்படுகிறார். 1997 இல் அவர் ஆல்ட்ஷூலர், ஹில்யர் ஆகியோருடன் வெளியிட்ட ஆய்வு நம் கவனத்துக்கு உரியது. நோயரின் வலப்பக்கம் ஒரு கண்ணாடியை வைத்து, இடப்பக்கம் ஒரு பொருளை நீட்டினர். கண்ணாடியில் அதன் பிம்பத்தைக் கண்ட நோயர், பொருளை எடுக்கச் சொன்னதும் இடப்பக்கம் கை நீட்டவில்லை. கண்ணாடியில் கையை மோதினர். கண்ணாடி இன்னதென அறிந்தும் இவ்வாறு செய்தனர். இடப்பக்கம் என்ற ஒன்றே அவர்க்கு இல்லாதபோது பிம்பத்தின் மூலப்பொருளுக்கு வேறு இருப்பிடம் ஏது?

இதற்கான மூளைச் செயற்பாட்டை மொரிசியோ கோர்பெட்டா குழுவினர் 2005 இல் காட்டினர். காயமுறாத பகுதிகளிலும் செயல் சமன் குலைந்திருந்தது. தொடக்கத்தில் வலப்பாதி அடங்க, இடப்பாதி மிகுந்து இயங்கிற்று. நோயர் தேறத் தேற இச்சமன் மீண்டது. இரு பாதிகளும் ஒன்றையொன்று எதிர்த்து ஈர்க்கின்றன என்று கின்ஸ்போர்ன் முன்வைத்த கருத்துக்கு இது வலுச் சேர்த்தது.

பெயரும் சோதனையும்

புறக்கணித்தல் என்பது ஒன்றை அறிந்தே ஒதுக்குவது. அறியாதவரை அச்சொல் குற்றவாளியாக்குகிறது. ஆங்கிலச் சொல்லிலும் இக்குறை உண்டாயினும் அதனை நாமும் சுமக்க வேண்டியதில்லை. 'பக்கக் கவனமிழப்பு' என்பது பொருந்தும்.

சொல்லோடு சோதனையும் இவ்வூர்க்கு உரியதாதல் வேண்டும். பழனி மலையோர்க்கு மிலான் சதுக்கம் உதவாது. 1872 இல் கோடைக்கானலில் அமைந்த கோக்கர்ஸ் வாக் பாதையில் ஒருபுறம் பள்ளத்தாக்கு, மறுபுறம் மலைச்சரிவு. வான் ஆலன் மருத்துவமனைப் பக்கமிருந்து நடப்பதாக எண்ணி ஒருமுறையும், புனித பேதுரு ஆலயப் பக்கமிருந்து திரும்புவதாக எண்ணி ஒருமுறையும் அவ்வூரார் ஒருவரைக் கூறச் சொல்லலாம். இருமுறையும் பள்ளத்தாக்கு விடுபட்டால் அது மறதி. ஒரு திசையில் மட்டும் விடுபட்டால் கவனமிழப்பு.