வாசித்தவர் யார்?



பழைய ஏடுகளைத் தேடி அலைந்தவர்களின் கதை நமக்குப் புதியதன்று. சிறுப்பிட்டியிலே பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் செல்லரித்த சுவடிகளை ஒப்புநோக்கி 1887ஆம் ஆண்டிலே கலித்தொகையை அச்சேற்றிய வரலாற்றை ஒவ்வோர் ஆண்டும் என் மாணவர்களுக்குச் சொல்லி வருகிறேன். இன்று நான் சொல்ல வந்தது வேறொரு தேடலின் வரலாறு. இது ஏட்டைத் தேடிய கதையன்று. ஓசையைத் தேடிய கதை.

இந்தச் சிந்தனையை என்னுள் எழுப்பியவன் என் தமக்கையின் மகன். கனடாவிலே வளர்ந்தவன். பழைய மின்னிசைக் கருவிகளையும் ஒலிப்பதிவுக் கருவிகளையும் வாங்கித் திருத்திச் சேகரிப்பது அவனுக்குப் பொழுதுபோக்கு. சென்ற ஆண்டு விடுமுறையில் வந்திருந்தபோது, எங்கள் அலுமாரிக்கு மேலே சீலையால் மூடிக் கிடந்த ஐயாவின் ரேப் றெக்கோடரைக் கண்டுவிட்டான். புதையலைக் கண்டவன் போல அவன் முகம் மலர்ந்தது.

"மாமா, இதை ஒருத்தருக்கும் குடுத்துப்போடாதேங்கோ" என்றான்.

அந்தப் பெட்டிக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1990க்குப் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரியும் கிடைக்காது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்திலே வானொலி கேட்ட தலைமுறை நாங்கள். ஐயா சில இரவுகளில் வானொலிக்குப் பதிலாக இந்தப் பெட்டியைப் பூட்டச் சொல்வார். கோயிற் பூங்காவனத் திருவிழாவன்று அவரே பதிவுசெய்த நாதஸ்வரக் கச்சேரி அதிலே ஒலிக்கும். பெடல் சுற்றுவது என் வேலை. கை சோர்ந்தால் நாடாவின் ஓட்டம் தளரும்; ஹிந்தோளம் மெல்லக் கீழே இறங்கும். "தம்பி, சுருதி இறங்குது" என்று ஐயா இருட்டிலிருந்து குரல் கொடுப்பார். 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி ஊரோடு ஊராகத் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோதும், தலையணை உறைக்குள்ளே சுற்றப்பட்டு இது எங்களுடன் வந்தது.

மருமகன் இரண்டு நாள் இருந்து அதனைத் திருத்தினான். இற்றுப்போன இறப்பர்ப் பட்டியை மாற்றினான். நாடா உரசும் முனையைப் பஞ்சாலே துடைத்தான். முப்பது ஆண்டுகளுக்குப் பின் அந்த நாதஸ்வரம் வீட்டிலே மீண்டும் கேட்டது. அவன் கண்ணை மூடிக் கேட்டிருந்துவிட்டு, ஒரேயொரு கேள்வி கேட்டான்.

"ஆர் மாமா வாசிக்கிறது?"

எனக்குத் தெரியவில்லை. நாடாவின் உறையிலே ஐயாவின் கையெழுத்தில் "பூங்காவனம், 1986" என்றுமட்டும் இருந்தது. வாசித்தவரை அன்று ஊரிலே எல்லோருக்கும் தெரியும். ஆகையால் ஐயா பெயரை எழுதவில்லை. இன்று ஐயாவும் இல்லை.

நேயர்களே, அந்தக் கேள்விக்கு விடை சொல்ல இயலாமல் நான் இருந்தபோது, அவன் எனக்கு ஒரு வரலாறு சொன்னான். பின்னர் நானும் தேடிப் படித்தேன். அதனையே இனிச் சொல்லப் போகிறேன்.

யப்பானின் ஒசாக்கா நகரிலே 1930ஆம் ஆண்டு பிறந்தவர் இகுதாரோ ககேஹாஷி. இரண்டு வயதிலேயே பெற்றோர் இருவரையும் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். பதின்ம வயதில் மணிக்கூடு திருத்தினார்; பின் வானொலி திருத்தினார்; அவரையும் காசநோய் பற்றிப் பல ஆண்டுகள் மருத்துவமனையிலே கிடத்தியது. அக்காலத்திலே புதிதாய் வந்த ஸ்ரெப்ரோமைசின் என்னும் மருந்து அவர் உயிரைக் காத்தது. 1972இல் அவர் ஒசாக்காவிலே தொடங்கிய நிறுவனந்தான் ரோலன்ட்.

அந்த நிறுவனம் 1980ஆம் ஆண்டு ரி.ஆர். 808 என்னும் தாள இயந்திரத்தை வெளியிட்டது. மேளகாரர் இல்லாத இசைக்கலைஞன் தன் பாட்டுக்குத் தாளம் அமைத்துக்கொள்ள உதவுவதே அதன் நோக்கம். அதே ஆண்டில் அமெரிக்காவிலே ரொஜர் லின் என்பவர் செய்த தாள இயந்திரம் உண்மையான மேளங்களின் ஒலிப்பதிவையே எண்முறையில் சேமித்து ஒலித்தது. அதன் விலை ஏறக்குறைய 5,000 டொலர். 808இன் விலையோ 1,195 டொலர். அதிலே பதிவுசெய்த மேளம் எதுவும் இல்லை. மின்சுற்றுக்களே ஓசையை உண்டாக்கின. அதன் அடிமேளம் மிருதங்கத்தின் தொப்பியிலே விரலை அழுத்தி எடுத்த ஒலி நீண்டுகொண்டே போவது போலிருக்கும். கைதட்டு, கைதட்டுப் போலிராது. அக்காலத்து இசைஞர் பலர் இது மேளமா என்று சிரித்தனர். அதன் சில ஓசைகளில் ஒரு சிறு இரைச்சல் உண்டு. பழுதென்று ஒதுக்கப்பட்ட திரான்சிற்றர்களைத் தேடி வாங்கியே அந்த இரைச்சலை உண்டாக்கியதாகக் ககேஹாஷி பிற்காலத்திலே கூறியிருக்கிறார். திரான்சிற்றர் உற்பத்தி திருந்தத் திருந்த அத்தகைய பழுதானவை கிடைப்பது நின்றது. ஏறக்குறைய 12,000 இயந்திரங்களோடு 1983இல் 808இன் உற்பத்தியும் நின்றது. குறைபாடே ஒரு கருவிக்கு உயிராயிருந்து, குறைபாடு நீங்கியதால் அக்கருவி இல்லாமற்போன விந்தையை வேறெங்கே காண முடியும்?

இதன் தம்பி என்று சொல்லத்தக்கது ரி.பி. 303. ததாவோ கிகுமோத்தோ என்னும் பொறியியலாளர் வடிவமைத்தது. தனித்து வாசிக்கும் கிற்றார்க் கலைஞனுக்குப் பக்கத்துணையாகப் பேஸ் கிற்றார் ஒலியைத் தரவேண்டும் என்று செய்யப்பட்டது. ஆனால் அதன் ஒலி பேஸ் கிற்றாரைப் போலிருக்கவில்லை; ஸ்வரங்களை அதிலே பதிப்பதும் பெருந்தலையிடி. ஏறக்குறைய 10,000 கருவிகள் செய்தபின் 1984இல் அதனையும் கைவிட்டார்கள். இரண்டும் அடகுக்கடைகளுக்கும் பழைய சாமான் கடைகளுக்கும் போய்ச் சேர்ந்தன.

அங்கிருந்துதான் அவற்றின் வாழ்வு தொடங்கியது. புதிய கருவி வாங்கப் பணமில்லாத இளைஞர் அவற்றை மலிவாக வாங்கினர். 1982இல் மார்வின் கேயின் புகழ்பெற்ற பாடலொன்றும், நியூயோர்க்கில் அபிரிக்கா பம்பாட்டாவின் 'பிளானற் றொக்' என்னும் இசைத்தட்டும் 808இன் தாளத்திலே எழுந்தன. 1987இல் சிக்காகோ நகரிலே பியூச்சர் என்ற கறுப்பின இளைஞர் குழு, பழையதாக வாங்கிய 303இன் குமிழ்களை அது ஒலிக்கும்போதே திருகித் திருகி ஒரு முனகலை எழுப்பியது. 'அசிட் றாக்ஸ்' என்னும் அந்த இசைத்தட்டிலிருந்து ஓர் இசை மரபே பிறந்தது. அதன் பின்னரே சேகரிப்பாளர் விழித்துக்கொண்டனர். இன்று பழைய 303 ஒன்றுக்குச் சில ஆயிரம் டொலர் கொடுக்க வேண்டும். அடகுக்கடையிலிருந்து மீட்டு அதற்குப் புகழ் தேடிக் கொடுத்தவர்கள் எவரோ, அவர்களைப் போன்ற வறிய இளைஞருக்கு இன்று அது எட்டாக் கனி. சேகரிப்பு என்னும் ஆசையின் மறுபக்கம் இது. கண்ணாடிப் பெட்டிக்குள்ளே பூட்டப்பட்ட கருவிகள் எத்தனையோ! வாசிக்காமல் வைத்தால் உள்ளேயிருக்கும் கொள்ளளவிகள் உலரும், குமிழ்கள் கரகரக்கும். ஓலைக்குச் செல் எப்படியோ, இவற்றுக்குக் காலம் அப்படி.

ஆயினும் சேகரிப்பாளரை முற்றாகப் பழிக்க என் மனம் இடந்தரவில்லை. அதற்குக் காரணம் பம்பாயிலே நடந்த ஒரு நிகழ்ச்சி.

பம்பாய்த் திரைப்பட வாத்தியக் குழுக்களிலே கிற்றாரும் மின்னிசைக் கருவிகளும் வாசித்து வந்தவர் சரண்ஜித் சிங். திரைப்பாட்டிலே பாடுபவர் பெயர் இசைத்தட்டில் வரும். இசையமைப்பாளர் பெயர் வரும். வாசித்தவர் பெயரை யார் கேட்கிறார்கள்? 1982ஆம் ஆண்டு அவருக்கு ஓர் எண்ணம் உதித்தது. எங்கும் டிஸ்கோத் தாளம் முழங்கிய காலம் அது. தபேலாவை ஒதுக்கிவிட்டு, அந்தத் தாளத்திலே ராகங்களை வாசித்தால் என்ன என்று நினைத்தார். ரோலன்ட் நிறுவனத்தின் ஜூப்பிற்றர் 8 என்னும் சிந்தசைசரில் ராகம்; 808இல் தாளம்; 303இல் அடிச்சுருதி. 'டிஸ்கோத் தாளத்துக்குப் பத்து ராகங்கள்' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்போடு இசைத்தட்டு வெளிவந்தது.

அதனை நான் கேட்டிருக்கிறேன். பைரவ், பூபாலி, யமன், மால்கௌன்ஸ் என்று ராகங்கள் வருகின்றன. நமது மாயாமாளவகௌளையும், மோகனமும், கல்யாணியும், ஹிந்தோளமும் நினைவுக்கு வருகின்றன. 303இல் ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் வசதி உண்டு. கிற்றார்க்காரனுக்காக வைத்த அந்த வசதி, நம் செவிக்கு ஜாரு என்னும் கமகமாகப் படுகிறது. யப்பானியப் பொறியியலாளர் அறியாமலே செய்த ஒன்றைப் பம்பாய்க் கலைஞர் கண்டுகொண்டார். சிக்காகோ இளைஞர் தம் இசைத்தட்டை வெளியிடுவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, அதே கருவியிலிருந்து அதனையொத்த ஓசையை அவர் எழுப்பிவிட்டார். அவரை இவர்கள் அறியார். இவர்களை அவர் அறியார்.

இசைத்தட்டு விலைபோகவில்லை. மறக்கப்பட்டது. சரண்ஜித் சிங் தம் பாட்டிலே திருமண வீடுகளிலும் விழாக்களிலும் வாசித்துக்கொண்டிருந்தார்.

இருபது ஆண்டுகள் சென்றன. 2002இல் எடோ பவுமன் என்னும் ஒல்லாந்துச் சேகரிப்பாளர், டில்லியிலே ஒரு கடையில் அந்த இசைத்தட்டைக் கண்டெடுத்தார். கேட்டார், திகைத்தார். சேகரிப்பாளர் பலர் இவ்விடத்திலே என்ன செய்வார்கள்? அரிய பொருள் அகப்பட்டதென்று அலுமாரியிலே வைத்துப் பூட்டுவார்கள். அன்றி, நல்ல விலைக்கு விற்பார்கள். இவரோ, "வாசித்தவர் யார்? அவர் எங்கே இருக்கிறார்?" என்று தேடினார். மும்பையிலே சரண்ஜித் சிங்கைக் கண்டார். தாம் மறந்துபோன ஒரு பழைய வேலையைத் தேடிக் கடல் கடந்து ஒருவர் வந்தது கலைஞருக்கு வியப்பாயிருந்தது. 2010இல் பவுமன் அந்த இசையை மீண்டும் வெளியிட்டார். எழுபது வயதை அண்மித்த காலத்திலே உலகம் அவரைத் தேடி வந்தது. ஐரோப்பிய மேடைகளிலே, தம் பேரப்பிள்ளைகள் வயதுடைய இளைஞர் முன்னிலையில், அதே ராகங்களை வாசித்தார். 2015ஆம் ஆண்டு மும்பையிலே காலமானபோது, உலகின் பெரும் பத்திரிகைகள் அவர் பெயரைச் சொல்லி அஞ்சலி எழுதின. அந்தக் கருவிகளைச் செய்வித்த ககேஹாஷியும் 2017இல் மறைந்தார்.

நேயர்களே, பவுமன் கண்டெடுத்தது ஓர் இசைத்தட்டைமட்டுமன்று; ஒரு மனிதரை. தாமோதரம்பிள்ளை அவர்கள் பெருந்தொண்டு செய்தார் என்று நாம் போற்றுவது ஏடுகளைக் குவித்து வைத்தமைக்காகவா? அந்த ஏட்டுக்குள்ளே அடங்கிக் கிடந்த புலவனின் குரலை மீண்டும் நம் செவியிலே விழச் செய்தமைக்காக அல்லவா? பொருளைத் தேடுவது முதற்படி. அந்தப் பொருளிலிருந்து அதனைச் செய்த கைக்குத் திரும்பிச் செல்வதே சேகரிப்பின் பயன் என்று நான் எண்ணுகிறேன்.

மருமகன் கனடாவுக்குத் திரும்பிய பின், ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டியைச் சைக்கிள் கரியரிலே கட்டிக்கொண்டு இணுவிலுக்குப் போனேன். அங்கே முதிய தவில் வித்துவான் ஒருவர், திண்ணையிலே அமர்ந்து காதைப் பெட்டியருகே வைத்துக் கேட்டார். தனியாவர்த்தனம் தொடங்கி இரண்டு நிமிடம் ஆகியிராது. "இந்தக் கை ஆற்றை எண்டு எனக்குத் தெரியும், மாஸ்ரர்" என்று ஒரு பெயரைச் சொன்னார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. நாதஸ்வரம் யாருடையதென்று திட்டமாகச் சொல்ல அவரால் இயலவில்லை. "ரெண்டு பேரில ஆரோ ஒராள்" என்றார். இருவரும் இன்று இல்லை. ஒருவரின் பிள்ளைகள் வவுனியாவிலும் மற்றவரின் பிள்ளைகள் பிரான்சிலும் இருக்கிறார்களாம். அவர்களைக் கேட்டு உறுதிசெய்யாமல் இங்கே பெயர் சொல்வது முறையன்று.

வீட்டுக்கு வந்து நாடாவின் உறையை எடுத்தேன். ஐயாவின் எழுத்துக்குக் கீழே "தவில்" என்று எழுதி, முதியவர் சொன்ன பெயரை எழுதினேன். அதற்குக் கீழே "நாதஸ்வரம்" என்று எழுதி, ஒரு வரி இடம் விட்டு வைத்திருக்கிறேன். உங்கள் வீடுகளிலும் இத்தகைய நாடாக்கள் இருக்கலாம். அறிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.