டிம் சம்

கான்டனீஸ் மொழிச் சொல். ‘டிம்’ என்றால் புள்ளி, லேசாகத் தொடுதல். ‘சம்’ என்றால் நெஞ்சு. சீனாவின் தாங் வம்சக் காலத்தில் (618–907) பசிக்குச் சிறிது கொறிப்பதைக் குறித்த வினைச்சொல் இது. பலகாரத்துக்குப் பெயரானது பிறகுதான். ‘நெஞ்சைத் தொடும் உணவு’ என்ற விளக்கம் அழகு. ‘வயிற்றுக்கு ஏதோ கொஞ்சம்’ என்பதே பழைய பொருளுக்கு நெருக்கம்.

ஹாங்காங்கிலும் குவாங்சோவிலும் டிம் சம் சாப்பிடப் போவதை ‘யம் சா’ என்பார்கள். அதாவது, தேநீர் குடிப்பது.

தேநீர்தான் முதலில் மேசைக்கு வரும். பிறகு மூங்கில் கூடைகளில் ஆவி பறக்க ஹார் காவ் என்ற இறால் கொழுக்கட்டை, சியூ மாய் என்ற இறைச்சிக் கொழுக்கட்டை. ஹார் காவில்தான் சமையற்காரரின் கை தெரியும்: கோதுமை ஸ்டார்ச்சில் தட்டிய மெல்லிய மேல்தோல், நெருக்கமான மடிப்புகள். வெந்ததும் தோல் வழியே இறாலின் இளஞ்சிவப்பு தெரியும். எடுக்கும்போது கிழியக் கூடாது. கோப்பையில் யாராவது தேநீர் ஊற்றினால் விரல்களால் மேசையைத் தட்ட வேண்டும். அதுவே அங்கே நன்றி.