இப்னு பதூதா உண்ட சோறு

தமிழில் ‘விருந்து’ என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். தொல்காப்பியத்தில் அச்சொல் அப்பொருளில் ஆளப்பட்டிருப்பதைக் கற்றோர் அறிவர். பின்னர், புதியவராய் வீடு தேடி வந்தவருக்கும், அவருக்குப் படைக்கப்பெற்ற உணவுக்கும் அதுவே பெயராயிற்று. வீட்டாருக்கு வந்தவர் புதியவர்; வந்தவருக்கோ இலையில் வைத்தவை யாவும் புதியவை. முதற்சொன்ன புதுமையைப் பற்றி நம் இலக்கியங்கள் நிறையப் பேசுகின்றன. இரண்டாவதைப் பற்றிப் பேச ஓர் அயல்நாட்டான் வர வேண்டியிருந்தது.

இராசபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் நெடுஞ்சாலையில் தேவதானம் என்றோர் ஊர் உண்டு. மேற்கே மலைத்தொடர்; அதன் அடிவாரத்தில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும் நெல்வயலும். இச்சீமை நெடுகப் புளிக்கும் பனைக்கும் குறைவில்லை. மலைத்தொடரைக் கடந்தால் மிளகு விளையும் மலையாள நாடு. மா, தெங்கு, நெல், புளி, பனை, மிளகு ஆகிய இவ்வாறும் அங்குள்ளோர்க்கு நாளும் புழங்கும் பொருள்கள். யாரும் நின்று வியப்பதில்லை. இவை ஆறையும் அயலான் கண்கொண்டு பார்த்து, நாவில் இட்டுச் சுவைத்து, ஊர் திரும்பிய பின் மறவாமல் உரைத்தவர் இப்னு பதூதா. தேவதானத்தை அவர் கண்டாரல்லர். ஆனால் மலைக்கு மேற்கே மலையாளக் கரையிலும், கிழக்கே மதுரையிலும் அவர் உண்டு வாழ்ந்திருக்கிறார்.

மொராக்கோ நாட்டின் தஞ்சா நகரில் 1304இல் பிறந்த இவர், 1325இல் ஹஜ்ஜை நாடி வீட்டை விட்டுப் புறப்பட்டார். 1333இல் சிந்து நதியை அடைந்தார். தில்லியில் முஹம்மது பின் துக்ளக்கின் ஆட்சியில் காழியாகப் பணியாற்றினார். சீனத்துக்குத் தூதராக அனுப்பப்பட்டவர், கள்ளிக்கோட்டைக் கடலில் மரக்கலங்கள் சிதைந்தமையால் தென்னாட்டில் தங்க நேர்ந்தது. அவர் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸை எழுதி 1355இல் நிறைவுற்ற ‘ரிஹ்லா’ என்னும் பயண நூலை அரசியல் வரலாற்றுக்காகப் பலரும் புரட்டுவர். அதனைச் சோற்றின் வரலாறாகவும் படிக்கலாம்.

ஊறுகாயும் தயிரும்

புதிய பொருளைக் காணும்போதெல்லாம் தம் ஊர்ப் பொருளோடு அதனை ஒப்பிடுவது இப்னு பதூதாவின் வழக்கம். வட இந்தியாவில் அரிசியும் பாசிப்பயறும் சேர்த்துச் சமைத்து நெய்யுடன் காலையில் உண்ணும் கிச்சடியைக் கண்டபோது, தங்கள் நாட்டு ஹரீராக் கஞ்சியின் இடத்தில் இவர்களுக்கு இது இருக்கிறது என்றார். மாங்காயை உப்பிட்டு ஊற வைப்பதைக் கண்டபோது, எலுமிச்சையைத் தம் நாட்டார் ஊற வைக்கும் முறையை நினைவு கூர்ந்தார். தேங்காயை மனிதத் தலைக்கு ஒப்பிட்டார். அதற்கு இரு கண்களும் ஒரு வாயும் உண்டு, நார் தலைமயிர் போன்றது என்றார். தென்னை தோன்றிய விதம் பற்றி மக்கள் கூறும் ஒரு கதையையும் எடுத்துரைத்து, அது கட்டுக்கதை என்று உடனே சொல்லிவிடுகிறார். மிளகைப் பற்றியும் தம் நாட்டாரின் பிழையான எண்ணத்தைத் திருத்துகிறார். வறுப்பதனால்தான் மிளகு சுருங்குகிறது என்று அங்குள்ளோர் கருதினர். வெயிலில் காய்வதனால் சுருங்குகிறது என்பதை இவர் நேரில் கண்டு எழுதினார். கள்ளிக்கோட்டையில் அது தானியம் போல் அளந்து கொட்டப்படுவதையும் கண்டார்.

ஹொன்னாவர் என இன்று வழங்கும் ஊரில் சுல்தான் ஜமாலுத்தீன் அளித்த விருந்தைப் பற்றிய வருணனை, தென்னாட்டு உணவு வரலாற்றில் ஓர் அரிய ஆவணம் எனலாம். செம்புத் தட்டில் முதலில் ஓர் அகப்பைச் சோறு; அதன்மேல் நெய். பக்கத்தில் கொத்துக் கொத்தாக ஊறிய பச்சை மிளகு, பச்சை இஞ்சி, எலுமிச்சை, மாங்காய். ஒரு கவளம் சோறு, அதன்பின் சிறிது ஊறுகாய் என்று உண்ண வேண்டும். அச்சோறு தீர்ந்ததும் மற்றோர் அகப்பை, கோழிக்கறியுடன். அடுத்து வேறுவகைக் கோழி. பின்னர் மீன் வகைகள். அதன்பின் நெய்யில் சமைத்த காய்கறி. எல்லாவற்றுக்கும் இறுதியில் தயிர். தயிர் வந்துவிட்டால் இனிப் படைக்க ஒன்றும் இல்லை என்று அறிந்துகொள்ளலாம் என்கிறார். குடிப்பதற்கு வெந்நீர், மழைக்காலத்தில் குளிர்ந்த நீர் தீங்கு செய்யும் என்பது அவர்கள் கருத்து.

ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நம் பந்தியில் தயிரோ மோரோதான் முடிவுரை. இன்று கேரளத்தில் வெந்நீர் வைக்காத உணவுவிடுதி அரிது. அரசுகள் எத்தனையோ வந்து போயின. பரிமாறும் வரிசை மாறவில்லை.

ஒன்று மட்டும் அத்தட்டில் இல்லை. காரத்துக்கு மிளகு இருக்கிறது, இஞ்சி இருக்கிறது, மிளகாய் இல்லை. அமெரிக்கக் கண்டத்துச் செடியான மிளகாய், 1498இல் போர்ச்சுகீசியர் கள்ளிக்கோட்டையை அடைந்த பின்னரே இந்நாட்டுக்கு வந்தது. மிளகைப் போல் உறைக்கும் காய் என்று பழகிய பெயரையே புதியதற்குச் சூட்டி நம் முன்னோர் அதனை ஏற்றனர். தஞ்சாவூரான் தேங்காயைத் தலைக்கு ஒப்பிட்டதும் தமிழன் மிளகாய்க்கு மிளகின் பெயரை இட்டதும் ஒரே மனத்தின் செயல் என்று சொல்லத் தோன்றுகிறது. இங்கே தஞ்சாவூரான் என்றது மொராக்கோத் தஞ்சாவைச் சேர்ந்தவரை. தெரிந்ததன் கையைப் பிடித்துக்கொண்டே தெரியாததிடம் செல்கிறான் மனிதன்.

வாழையிலையும் உடைந்த கலமும்

விருந்தின் இனிமையை மட்டும் கூறி நிறுத்தியிருந்தால் இப்னு பதூதாவின் நூல் அரைகுறையாகியிருக்கும். மலையாளக் கரையின் வழிகளைப் பற்றி அவர் கூறுவது உள்ளத்தில் தைப்பது. அரை மைலுக்கு ஒரு மரமனை; அமர்வதற்குப் பலகை; அருகே கிணறு; நீர் தர ஓர் ஆள். எச்சமயத்தவரும் அங்கே தங்கலாம். ஆனால் பிறருக்குக் கலத்தில் நீர் தருபவர், முஸ்லிமாயின் கையில் வார்ப்பார். முஸ்லிம்கள் வீட்டினுள் நுழைவதோ, வீட்டுக் கலத்தில் உண்பதோ வழக்கமில்லை. அவ்வாறு உண்ண நேர்ந்தால் அக்கலத்தை உடைத்துவிடுவர், அல்லது உண்டவருக்கே கொடுத்துவிடுவர்.

எனினும், முஸ்லிம்கள் எவரும் வாழாத ஊரில் முஸ்லிம் பயணி வந்து சேர்ந்தால் அவரைப் பட்டினியாக விடுவதில்லை. அவருக்கெனச் சமைத்து, வாழையிலையில் சோறிட்டு, கறியும் ஊற்றித் தருவர். மற்ற ஊர்களில் வழியெங்கும் வாழ்ந்த முஸ்லிம்களின் வீடுகள் பயணிகளுக்குப் புகலிடமாயின. அவர்கள் இல்லையெனில் ஒரு முஸ்லிமும் அந்நாட்டில் பயணம் செய்திருக்க முடியாது என்கிறார்.

இதனை எவ்வாறு மதிப்பிடுவது? கலத்தை உடைத்தது இழிவுதான். அதனை மூடி மறைப்பதற்கில்லை. ஆயினும் தன் கலத்தைப் பகிர மறுத்த அதே கை, தன் அடுப்பைப் பகிர மறுக்கவில்லை. இலையில் இட்ட சோறு உண்மையான சோறு. இவ்விரண்டையும் இப்னு பதூதா எழுதினார். ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்கவில்லை.

கரை சேர்ந்தவனுக்குப் பனம்பழம்

மாலத்தீவுகளில் காழியாக இருந்தபோது அவர் தேங்காய்ப் பாலும் மீனும் உண்டு வாழ்ந்தார். சிவந்த தசையும் கொழுப்பின்மையும் உடைய ஒரு மீனை நான்காகத் துண்டித்து, சிறிது வேகவைத்து, ஓலைக் கூடையில் இட்டுப் புகையில் உலர்த்துவதை வருணிக்கிறார். இந்தியாவுக்கும் சீனத்துக்கும் ஏமனுக்கும் அது ஏற்றுமதியாயிற்று. காயலிலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் நம்மவர் சம்பலுக்கு இடிக்கும் மாசி அதுவே. மாலத்தீவு மொழியில் ‘மஸ்’ என்றால் மீன். பொருளோடு பெயரும் கப்பலேறி வந்துவிட்டது.

1344இல் இலங்கையிலிருந்து புறப்பட்ட அவருடைய மரக்கலம் தமிழகக் கரைக்கு அருகில் உடைந்தது. இரவெல்லாம் கலத்தின் பின்புறத்தில் ஒண்டிக்கிடந்தவரை, விடிந்ததும் அக்கரை மக்கள் வந்து மீட்டுக் கரை சேர்த்தனர். முஸ்லிமல்லாத அம்மக்கள் அவருக்கு உண்ணக் கொடுத்தவை இரண்டு: நல்ல மீன்; மற்றொன்று, அவர் பெயரறியாத ஒரு கனி. தோற்றத்தில் தர்ப்பூசணி போன்றது, ஒருவகைப் பனையில் காய்ப்பது, உள்ளே பஞ்சு போன்ற நார், அந்நாரில் தேன் போன்ற சாறு, அதிலிருந்து சர்க்கரை போன்ற ஓர் இனிப்பும் செய்கிறார்கள் என்று எழுதுகிறார். தமிழ் வாசகர் எவரும் இதனைப் படித்த அளவில் பனம்பழத்தை அடையாளம் கண்டுகொள்வர். பொருளனைத்தும் கடலில் போக, உயிர் ஒன்றே எஞ்சிய மனிதனுக்குத் தமிழ் மண் முதலில் ஊட்டியது பனையின் கனி.

மதுரை

மதுரையை ஆண்ட கியாஸுத்தீன் தாமகானீ இவருக்கு உறவினர். மதுரைச் சுல்தானகத்தை நிறுவிய ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாவின் மகளிருள் ஒருவரை இவரும் மற்றொருவரைத் தாமகானீயும் மணந்திருந்தனர். சகலையைக் காணச் சென்றவரிடம் தோல் காலணி இல்லை. அஃதின்றி அரசன் முன் செல்லலாகாது. முஸ்லிம்கள் பலர் அங்கிருந்தும், தம் காலணியைக் கொடுத்து உதவியவர் முஸ்லிமல்லாத ஒருவர். அவருடைய பெருந்தன்மை தம்மவரினும் மிகுந்திருந்ததைக் கண்டு வியந்தேன் என்று கூச்சமின்றி எழுதுகிறார்.

அச்சுல்தானின் விருந்தையும் அவர் எழுதினார். வலப்புறம் காழி, இடப்புறம் இப்னு பதூதா, நடுவே சுல்தான் உண்டுகொண்டிருக்கிறான். சிறைப்பட்ட ஒருவரை, அவர் மனைவியோடும் ஏழு வயது மகனோடும் கொண்டுவந்து நிறுத்துகின்றனர். உண்பதை நிறுத்தாமலே சுல்தான் சைகை காட்டுகிறான். மூவரும் வெட்டப்படுகின்றனர். இப்னு பதூதா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழுந்தபோது தலைகள் தரையில் கிடந்தன. பெண்களையும் குழந்தைகளையும் கொல்லும் இக்கொடுமையை வேறெந்த அரசனிடத்தும் தாம் கண்டதில்லை என்றும், இதனாலேயே இறைவன் அவன் முடிவை விரைவுபடுத்தினான் என்றும் தீர்ப்புரைக்கிறார்.

எண்ணிப் பாருங்கள். ஒரே மார்க்கம், ஒரே குடும்ப உறவு, ஒரே விரிப்பு. கலம் உடைபடவில்லை, இலை வேறாகவில்லை. ஆனாலும் அவர் உண்ட விருந்துகளுள் நஞ்சாய்ப் போனது அது ஒன்றே. பந்தியில் யாரோடு அமர்கிறோம் என்பதனால் மட்டும் உணவு தூய்மையாகிவிடுவதில்லை. அமர்ந்தவரின் நெஞ்சில் இரக்கம் வேண்டும். தாம் சார்ந்த அரசன் என்று பாராமல் உண்மையை எழுதிவைத்த அக்காழியின் நேர்மைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அப்போது மதுரையில் கொள்ளை நோய் பரவியிருந்தது. சுல்தானும் மாண்டான். இப்னு பதூதாவுக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. இதுவே முடிவு என்று எண்ணினார். அந்நிலையில் புளியின் நினைவை இறைவன் தம் உள்ளத்தில் இட்டான் என்கிறார். அங்கே புளி மலிவு. ஒரு ரத்தல் எடுத்து நீரில் கரைத்துக் குடித்தார். மூன்று நாள் வயிறு கழிந்தது, காய்ச்சல் நீங்கியது. அரபியர் புளிக்கு இட்ட பெயர் ‘தமர் ஹிந்தி’, இந்தியப் பேரீச்சை என்பது. அவர் அளந்த ‘ரத்ல்’ என்னும் அரபு எடையே தமிழ்க் கடைகளில் ‘றாத்தல்’ என்று நெடுங்காலம் வழங்கியது. இங்கிருந்து ஒரு பொருள் அங்கே போய்ப் பெயர் பெற்றது. அங்கிருந்து ஓர் அளவு இங்கே வந்து அப்பொருளை நிறுத்தது.

நம்மவர் புதியவரானபோது

மாலத்தீவு, இலங்கை, தமிழகக் கரை, மலையாளம் ஆகியவற்றில் மூன்றாண்டுகள் சோற்றைத் தவிர வேறொன்றும் உண்ணாமல் கழித்ததாகவும், முடிவில் தண்ணீரைக் கொண்டே அதனை விழுங்க நேர்ந்ததாகவும் அவர் சொல்லும்போது நமக்குப் புன்னகை வருகிறது. ரொட்டிக்கு ஏங்கிய அந்தத் தொண்டையை எள்ளி நகையாட வேண்டா. 20ஆம் நூற்றாண்டில் நம்மவரும் அந்நிலையை அறிந்தனர். தேவதானத்தின் வழியே செல்லும் அதே சாலையில் தெற்கே உள்ளவை கடையநல்லூரும் தென்காசியும். அவ்வூர்களின் முஸ்லிம்கள் பலர் சிங்கப்பூருக்குக் குடும்பத்தோடு பெயர்ந்து தஞ்சோங் பகார் பகுதியில் குடியேறினர். அவர்தம் பெண்டிர் மசாலை அரைத்து விற்றுக் குடும்பம் காத்தனர். பினாங்கிலோ, காவடித் தண்டின் இருபுறமும் சோறும் கறியும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாக விற்ற தமிழ் முஸ்லிம்களின் உணவு ‘நாசி கண்டார்’ என்று பெயர் பெற்று, இன்று மலாயரும் சீனரும் இந்தியரும் அருகருகே அமர்ந்து உண்ணும் உணவாகியிருக்கிறது. அங்கே நம் மிளகும் மல்லியும் பிறருக்குப் புதுமை. அவர்களுடைய பொருள்கள் நமக்குப் புதுமை. விருந்து என்ற சொல்லின் இரு பொருளும் அங்கே ஒன்றாயின.

ஊர் திரும்பி ஃபெஸ் நகரில் இப்னு பதூதா தம் நினைவுகளை எழுதுவித்தபோது, ஹொன்னாவர் விருந்துக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. கடற்கொள்ளைக்கும் கலச்சேதத்துக்கும் பல பொருள்களைப் பறிகொடுத்தவர் அவர். ஆனால் நெய்க்குப் பின் ஊறுகாய், ஊறுகாய்க்குப் பின் கோழி, கோழிக்குப் பின் மீன், இறுதியில் தயிர் என்னும் வரிசையை அவர் இழக்கவில்லை. இலையில் சோறிட்ட பெயர் தெரியாதவர்களையும், காலணி தந்தவரையும், பனம்பழம் கொணர்ந்தவர்களையும் அவர் மறக்கவில்லை. உண்ணும்போதே கொலைக்குச் சைகை காட்டிய அரசனையும் மறக்கவில்லை. ஒரு நாட்டைப் பற்றி அங்கு உண்டவன் சொல்லும் சாட்சியத்தில் இவ்விருவகையாரும் இடம்பெறுவர். நம் வாசலுக்கு வரும் புதியவன் நம்மை எவ்வகையில் எழுதிக்கொள்வான் என்பது அவன் கையிலன்று, நம் கையிலேயே இருக்கிறது.