பாலைவன விமானியும் ஒண்டாச்சியின் நாவலும்

பழைய காலத்து விமானம், பாலைவனம், காதல் மூன்றும் சேர்ந்தால் படம் ஓடும் என்பது திரையுலகின் நீண்டநாள் நம்பிக்கை. அந்தனி மிங்கெல்லா நெறிப்படுத்திய 'தி இங்கிலிஷ் பேஷன்ட்' 1996இல் வெளியாகி, அடுத்த ஆண்டில் 9 ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. மூலநாவலை எழுதியவர் 1943இல் கொழும்பில் பிறந்து கனடாவில் குடியேறிய மைக்கல் ஒண்டாச்சி. 1992இல் புக்கர் பரிசைப் பகிர்ந்துகொண்ட நாவல் அது.

கதாநாயகனின் பெயர் கற்பனையல்ல. லாஸ்லோ அல்மாஷி (1895 – 1951) ஹங்கேரிய நாட்டவர். முதலாம் உலக யுத்தத்தில் விமானி. 1932இல் சேர் ரொபேர்ட் கிளேட்டன் முதலிய ஆங்கிலேயருடன், ஜிப்ஸி மொத் என்ற சிறு விமானத்தின் துணையோடு, ஸெர்ஸுரா எனும் கர்ணபரம்பரைக் கதைச் சோலையைத் தேடினார். 1933இல் எகிப்தின் கில்ஃப் கெபிர் மேட்டுநிலத்தில், நீந்தும் மனிதரைத் தீட்டிய பாறை ஓவியங்களைக் கண்டார். கிளேட்டன் 1932இல் நோயுற்று இறந்தார்; அவருடைய மனைவி, தாமும் ஒரு விமானி, மறு ஆண்டு இங்கிலாந்தில் விமான விபத்தில் மாண்டார். பொறாமை கொண்ட கணவன் விமானத்தை மோதவிடுவது நாவலாசிரியரின் கற்பனை. அதில் தவறில்லை.

சிக்கல் 1942இல் இருக்கிறது. அவ்வாண்டு அல்மாஷி இரண்டு ஜேர்மன் ஒற்றர்களை லிபியாவிலிருந்து பாலைவனத்தைக் கடந்து எகிப்தின் அஸியூத் வரை கொண்டுசென்றார். ரொமெலின் படைக்குச் செய்த சேவை இது. பெண்ணொருத்தி இதில் இல்லை. நாவலிலும் ஒற்றனைக் கூட்டிச்சென்ற செய்தி வருகிறது. படத்திலோ, குகையில் விட்டுவந்த காதலியிடம் திரும்ப விமானத்துக்குப் பெற்றோல் தேவைப்படுவதால் ஜேர்மனியரிடம் வரைபடங்களைக் கொடுக்கிறார். துரோகம் காதலின் விலையாகிவிடுகிறது. நாமும் கண்கலங்கி மன்னித்துவிடுகிறோம். படம் வெளியானபோது அமெரிக்கப் பத்திரிகைகளில் இதற்குக் கண்டனம் எழுந்தது நியாயமே.

இன்னொரு வெட்டு எனக்கு அதைவிட உறுத்துகிறது. வெடிகுண்டுகளைச் செயலிழக்கச் செய்யும் சீக்கிய இளைஞன் கிப், நாவலின் இறுதியில் ஹிரோஷிமாச் செய்தியை வானொலியில் கேட்டு, நோயாளிக்கு நேரே துப்பாக்கியைத் திருப்புகிறான். வெள்ளை இனத்தவர் நாடொன்றின் மீது இந்தக் குண்டைப் போட்டிருப்பார்களா என்பது அவன் கொதிப்பு. படத்தில் ஹிரோஷிமாவே இல்லை. கிப்பின் நண்பன் கண்ணிவெடியில் சாகிறான். பின் கிப் மாற்றலாகிப் போகிறான், மோட்டார் சைக்கிளில்.