கிள்ளான் பள்ளத்தாக்கில் பசி கற்பித்த பாடம்

கிள்ளான் ஆற்றின் இரு மருங்கிலும் விரிந்துள்ள இப்பள்ளத்தாக்கில், வானளாவிய மாடங்களையும் மின்சார ரயிலையும் பார்த்து வளரும் நம் குழந்தைகளுக்குப் பசி என்பது எங்கோ தூரதேசத்து ஜனங்களுக்கு நேரும் துன்பமென்று தோன்றுவது இயல்பே. ஆனால் அவர்களுடைய பாட்டனும் பாட்டியும் இதே மண்ணில் பட்டினி கிடந்தவர்கள் என்பதும், அந்தப் பட்டினியின் நினைவிலிருந்தே நம்முடைய தர்ம ஸ்தாபனங்கள் சில பிறந்தன என்பதும் சரித்திரம். குழந்தைகளுக்குப் பசியைப் பற்றிச் சொல்லித்தர விரும்புவோர் அந்தச் சரித்திரத்திலிருந்தே தொடங்குவது உசிதமாகும்.

ரப்பர்த் தோட்டங்கள் பெருகிய காலத்தில், கங்காணியின் பின்னே கப்பலேறி வந்து லயங்களில் குடியேறிய தொழிலாளிக்கு, விடியுமுன் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் ஆஜராவது நித்திய கடமையாயிருந்தது. அவன் குழந்தையோ ஆயாக் கொட்டகையில் வளர்ந்து, சற்றுத் தலையெடுத்ததும் பெற்றோருக்குக் கைத்துணையாகப் பால்மரக் காட்டுக்கே சென்றது. 7 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகள் பத்துப் பேர் இருந்தால் அத்தோட்டத்தில் பள்ளி நடத்தவேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்திருந்தும், பல தோட்டங்களில் அது பெயரளவுப் பள்ளியாகவே இருந்தது. 1930-களின் தொடக்கத்தில் உலகெங்கும் வியாபார மந்தம் சூழ்ந்து ரப்பர் விலை வீழ்ந்தபோது, கூலி குறைந்தது. வேலையிழந்த ஆயிரக்கணக்கானோர் தாயகமான இந்தியாவுக்குத் திருப்பியனுப்பப்பட்டனர்.

இந்த அநுபவத்தின் பின்னணியில்தான் 1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தத்தை நோக்கவேண்டும். ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய அப்போராட்டத்தில் தொழிலாளர் கேட்டவை யாவை? சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி கேட்டார்கள். துரைமாரைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற இழிவு நீங்கவேண்டும் என்றார்கள். அவற்றோடு சேர்த்து, கள்ளுக்கடைகளை மூடவும், தங்கள் பிள்ளைகளுக்கு முறையான கல்வி அளிக்கவும் கேட்டார்கள். மே மாதத்தில் நாதன் கைதானார், துருப்புகள் வந்தன, தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர், நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். கூலிக்குப் பக்கத்திலேயே பள்ளியை வைத்து எழுதிய அந்தக் கோரிக்கைப் பட்டியல், பசிக்குக் காரணம் உண்டென்பதையும், அக்காரணத்தை மனிதர் முயன்று மாற்றலாம் என்பதையும் தெளிவாக உணர்ந்தவர்களின் வாக்குமூலமாகும்.

மறு ஆண்டு ஜனவரி 11-ஆம் தேதி ஜப்பானியர் கோலாலம்பூரில் புகுந்தனர். பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்த அரிசியையே பெரிதும் நம்பியிருந்த நாட்டில் அரிசி காணக்கிடைக்காத பொருளாயிற்று. மரவள்ளிக் கிழங்கே அன்னமாயிற்று: தோலை உரித்துத் துருவிப் பிழிந்து, வெயிலில் காயவைத்து இடித்த மாவைக் குடும்பம் முழுவதும் பங்கிட்டு உண்டது, அதன் இலையும் கீரையாக வெந்தது. தோட்டத்து ஆண்கள் பல்லாயிரவர், 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டனர். காலராவிலும் பசியிலும் அங்கேயே மாண்டவர் மிகப் பலர். லயங்களில் எஞ்சியவர்கள் விதவைகளும் தந்தையற்ற குழந்தைகளும்.

யுத்தம் விட்டுச்சென்ற இந்த அநாதைக் குழந்தைகளின் நிலை கண்டு உள்ளம் உருகியவர்களுள் ஒருவர் சுவாமி சத்தியானந்தர். கோலாலம்பூரை அடுத்த பூச்சோங் சாலையில், ஆறாவது மைலில், 1950-ஆம் ஆண்டையொட்டி அவர் உருவாக்கிய சுத்த சமாஜம், ஜாதி மத பேதமின்றிக் குழந்தைகளுக்கு அன்னமும் கல்வியும் அளிக்கும் இல்லமாக வளர்ந்தது. 1926-இல் சிங்கப்பூரில் பிறந்த அன்னை மங்களம் அவருடைய தொண்டில் இளமையிலேயே இணைந்து, 1961-இல் சுவாமிகள் மறைந்தபின் சமாஜத்தின் பாரத்தைத் தாமே ஏற்று, 2023-இல் தமது 97-ஆம் வயதில் மறையும் வரையில் பெற்ற தாயினும் பரிந்து அக்குழந்தைகளைப் பேணினார். 2010-இல் மெர்டேகா விருது அவரை நாடி வந்தது.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திலும் இந்த மரபு வேறு உருவங்களில் விளங்குகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் 1904-இல் தொடங்கிய விவேகானந்த ஆசிரமம், கல்வியைத் தொண்டாகக் கருதியது. பிற்காலத்தில் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி நிறுவிய நுண்கலைக் கோயிலைச் சார்ந்த அன்னலட்சுமி உணவகத்தில், உண்டவர் தம் மனம் ஒப்பிய தொகையை வைத்துச் செல்லும் முறை நிலைபெற்றது. தைப்பூசத்தில் நகரின் மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலை வரை ரதம் செல்லும் வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்கள் எழுகின்றன. அங்கே மேசை விளிம்புக்கு மேல் தலை மட்டுமே தெரியும் சிறுவன், இரு கைகளாலும் மோர்க் குவளையை ஏந்தி, யாரென்றே அறியாத ஒரு முதியவரிடம் நீட்டுகிறான். ‘நல்லா இரு தம்பி’ என்று அவர் வாழ்த்தும் அந்தக் கணத்தில் அவன் கற்றுக்கொள்வதை எந்தப் பாடப்புத்தகமும் தரவியலாது.

ஆயினும் விழாக்காலத்துத் தர்மம் ஒன்றே போதாது. 1867-இல் வள்ளலார் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கியபோது, பசியாற்றுதலை அன்றாடக் கர்த்தவ்யமாகவே வகுத்தார். நம் முன்னோர் இல்லங்களில் வழங்கிய பிடியரிசி முறையும் அத்தகையதே: உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் சேர்த்து, நிறைந்ததும் இல்லாதார்க்கு அளிப்பது. அந்தப் பிடியைக் குழந்தையின் கையால் எடுக்கச் செய்த வீட்டில், ஈகைக்குத் தனிப் பாடம் தேவைப்படவில்லை.

கொடுப்பதை மட்டும் கற்ற குழந்தை, வாங்குபவனைத் தன்னிலும் தாழ்ந்தவன் என்று எண்ணும் அபாயம் உண்டு. காரணத்தை மட்டும் கற்ற குழந்தை வாதத்தில் வல்லவனாகிக் கையைக் கட்டிக்கொண்டிருக்கும். கிள்ளான் தொழிலாளர் கேட்ட நியாயமும், பூச்சோங் சாலையில் தழைத்த கருணையும் சேர்ந்தே பசியைப் பற்றிய முழுக் கல்வியாகும். ஆகவே பெற்றோரே, ஆசிரியர்களே, உங்கள் பிள்ளைகளின் கையில் ஒரு பிடி அரிசியைக் கொடுங்கள். கூடவே, அவர்களுடைய பாட்டனார் ஏன் பசித்திருந்தார் என்ற வரலாற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.