திருநந்தவனமும் பருவங்களும்

திருவாய்மொழி முதற்பத்தின் ஆறாம் திருவாய்மொழி, எம்பெருமான் ஆராதனத்துக்கு எளியவன் என்னும் திருக்குணத்தை வெளியிடுவதாகும். அதன் முதற்பாட்டின் ஈட்டு வ்யாக்யானத்தில் ஒரு ஸம்வாதம் காணப்படுகிறது. பாட்டில் பூ என்று பொதுவிலே சொல்லியிருக்கையால் எந்தப் பூவையும் திருவடிகளில் இடலாம் என்று பராசர பட்டர் அருளிச்செய்தார். கண்டகாரிப் பூவைச் சாஸ்த்ரம் விலக்கியிருக்கிறதே என்று நஞ்சீயர் விண்ணப்பம் செய்தார். பட்டரோ, அவ்விலக்கு அப்பூ எம்பெருமானுக்கு ஆகாது என்பதாலன்று, பறிக்கிற அடியவர் கையில் முள் பாயும் என்பதாலே என்று ஸாதித்தருளினார்.

இதனைக் கேட்பவர்க்கு ஓர் ஐயம் எழும். எந்தப் பூவும் தகும் என்றால், பெரியோர்கள் நிலம் திருத்தி, நீர் கட்டி, செடி தேர்ந்து நந்தவனம் அமைத்தது எதற்காக? ஆழ்வார் ஆசார்யர்களின் சரிதங்களையும் வ்யாக்யானங்களையும் சேர்த்துப் பார்க்குமிடத்து, அத்தேர்வுக்குக் காரணம் எம்பெருமானுடைய தேவையன்று, அடியவனுடைய ஆதரமே என்பது தெளிவாகும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவதரித்த விஷ்ணுசித்தர், வடமதுரையில் கண்ணபிரான் மாலாகாரர் க்ருஹத்துக்குத் தானே எழுந்தருளி மாலை இரந்து பெற்றதை நினைத்து, புஷ்ப கைங்கர்யமே தமக்கு ஸ்வரூபம் என்று அறுதியிட்டார். அவர் திருமொழியில் இரண்டாம் பத்தின் ஏழாம் திருமொழி, யசோதைப் பிராட்டி கண்ணனைப் பூச்சூட அழைக்கும் பாசுரங்களாலானது. பெரியவாச்சான் பிள்ளையின் வ்யாக்யானம் செல்லரித்துப் போன பகுதிக்கு மணவாள மாமுனிகள் வ்யாக்யானம் அருளினார். இத்திருமொழியும் அப்பகுதியில் அடங்கியதே. செண்பகம், மல்லிகை, பாதிரி, தமனகம், மருவு, செங்கழுநீர், புன்னை, குருக்கத்தி, இருவாட்சி, கருமுகை ஆகியவை இதில் பேசப்படுகின்றன.

இவை யாவும் ஒரே பருவத்தில் கிடைப்பவை அல்ல. குருக்கத்தியும் பாதிரியும் வேனிலைச் சார்ந்தவை. மல்லிகையும் இருவாட்சியும் பங்குனி தொடங்கிக் கோடை முழுதும் மிகும். செண்பகம் கோடையில் தொடங்கி மழைக்காலத்திலும் பூக்கும். செங்கழுநீருக்குக் குளம் நிறைய வேண்டும். தமனகமும் மருவும் பூவுக்காகவன்றி இலையின் மணத்துக்காக வளர்க்கப்படுபவை; தமனகம் பனிக்காலத்தில் செழிக்கும். ஆகவே இத்திருமொழியை, ஒரு நந்தவனக் கைங்கர்யபரரின் ஆண்டு முழுவதும் அடங்கிய அட்டவணை என்றும் கொள்ள இடமுண்டு. பருவம் மாறினாலும் பிள்ளைக்குச் சூட்டும் பூ மாறலாமேயன்றி, சூட்டுவது ஒருநாளும் தவறலாகாது என்பதே தாயின் உள்ளம்.

அவ்வுள்ளம் நிறைவேறுவதற்கு முன்கூட்டிய உழைப்பு வேண்டும். பங்குனியில் மல்லிகை வேண்டுமாயின் மார்கழி, தை மாதங்களிலேயே நீரைக் குறைத்து, கிளைகளை வெட்டி, அடிமண்ணைக் கிளறி எருவிட்டு, பின்பு நீர் பாய்ச்சவேண்டும். தமனகத்தைப் பெருமழை ஓய்ந்தபின்னரே நடவேண்டும். மழை நீர் தேங்கினால் அது அழுகிப்போம். செண்பகமும் வேரில் நீர் நிற்பதைப் பொறாது. ஆகையால் மேட்டுப்பாங்கான இடத்திலேயே அதனை வைப்பர். திருத்துழாய் எல்லாப் பருவத்துக்கும் உரியதாயினும், கதிர்களை அவ்வப்போது கிள்ளாவிடில் இலை சிறுத்துச் செடி முதிர்ந்துவிடும். த்வாதசியில் திருத்துழாய் பறிக்கலாகாது என்னும் நியமம் இருப்பதால் அதற்கு முன்னாளிலேயே சேகரிக்கவேண்டும். கீழே விழுந்த பூவை எடுக்கலாகாது என்பது பொதுவிதி. இரவில் மலர்ந்து தானே உதிரும் மகிழம்பூவும் பவழமல்லிகையும் இதற்கு விலக்கு.

திருவரங்கத்தில் விப்ரநாராயணர் இக்கைங்கர்யத்தையே தம் அடையாளமாகக் கொண்டவர். திருப்பள்ளியெழுச்சியின் முடிவில் பூக்கூடை ஏந்திய தோளினராகவே தம்மைக் காட்டிக்கொள்கிறார். திருமங்கையாழ்வார் திருமதிள் எடுப்பித்தபோது தொண்டரடிப்பொடிகளின் நந்தவனத்தை அழிக்காமல் மதிளை விலக்கிக் கட்டினார் என்பதும், அதனால் உகந்த இவ்வாழ்வார் தம் பூக்கொய்யும் கருவிக்கு அவருடைய ‘அருள்மாரி’ என்னும் திருநாமத்தைச் சாற்றினார் என்பதும் பெரியோர் கூறும் ஐதிஹ்யம். கல்மதிள் செடிக்கு வழிவிட்ட செய்தி இது.

எம்பெருமானார் காலத்தில் இக்கைங்கர்யம் மேலும் ஓர் ஏற்றம் பெற்றது. திருவேங்கடமுடையான் விஷயமாக நித்ய கைங்கர்யத்தை ப்ரார்த்திக்கும் மூன்றாம் பத்தின் மூன்றாம் திருவாய்மொழியைக் காலக்ஷேபம் ஸாதிக்கும்போது, திருமலையிலே இருந்து புஷ்ப கைங்கர்யம் செய்யவல்லார் உண்டோ என்று எம்பெருமானார் கேட்டருளினார். மலையின் குளிருக்கு அஞ்சிக் கோஷ்டி பேசாதிருக்க, அனந்தாழ்வான் ஒருவரே எழுந்து நின்றார். அவரை ‘ஆண்பிள்ளை’ என்று எம்பெருமானார் உகந்தருளினார். திருமலை ஏறிய அனந்தாழ்வான் செய்த முதற்பணிகளுள் ஒன்று ஏரி வெட்டியது. நீரின்றி நந்தவனம் இல்லை என்பதை அறிந்தவர் அவர். கருவுற்றிருந்த தேவிகள் மண் சுமக்க, அவளுக்கு உதவ வந்த சிறுவன் மீது அவர் எறிந்த கடப்பாரை திருவேங்கடமுடையானுடைய திருமோவாயில் பட்டது. அங்கே இன்றும் பச்சைக்கற்பூரம் சாத்தப்படுகிறது. அக்கடப்பாரையை மஹாத்வாரத்தருகே இன்றும் ஸேவிக்கலாம். ஆடிப்பூரத்தன்று எம்பெருமான் புரசைவாரித் தோட்டத்துக்கு எழுந்தருள, அங்குள்ள மகிழமரத்துக்கு ஸ்ரீசடாரி ஸாதிக்கப்படுகிறது. அம்மரத்தை அனந்தாழ்வானாகவே கொள்வது ஸம்ப்ரதாயம். வகுளாபரணருடைய ஸம்பந்தமுள்ள மகிழே அவருக்கு உருவாயிற்று என்பது அனுபவிக்கத்தக்கது.

இவ்வுழைப்பு தடையின்றி நடக்க நிலம் வேண்டும் என்பதைப் பண்டையோர் உணர்ந்திருந்தனர். நந்தவனத்துக்காக விடப்பட்ட நிலம் கல்வெட்டுக்களில் ‘திருநந்தவனப்புறம்’ எனப்படும். சாத்தும் மாலைகள் ‘திருப்பள்ளித்தாமம்’ எனப்படும். அரசர் மாறியபோதும் செடிக்கு நீர் இறைப்பவனுடைய ஜீவனம் மாறாதபடி செய்த ஏற்பாடு இது.

இன்று பல திவ்யதேசங்களில் அந்நிலங்கள் நந்தவனத்துக்கு உதவுவதில்லை. மாலை அங்காடியிலிருந்து வருகிறது. விலைக்கு வாங்கிய பூவை எம்பெருமான் ஏற்கமாட்டான் என்று யாரும் சொல்லமுடியாது. எந்தப் பூவும் தகும் என்ற பட்டருடைய திருவாக்கே அதற்கு மாறாகும். நஷ்டம் அவனுக்கன்று, நமக்கே. பறித்த கை யாருடையது, அதில் முள் பாய்ந்ததா என்று கேட்பார் இல்லை. குருக்கத்தியையும் தமனகத்தையும் கண்ணால் காணாத தலைமுறை, அவற்றைப் பேசும் பாசுரத்துக்குப் பதவுரை சொல்லுமேயொழிய, அதன் ரஸத்தை அறியாது. வ்யாக்யானம் ஓலையிலும் நூலிலும் மட்டும் வாழ்வதன்று.

ஆகவே ஸந்நிதிதோறும் சிறிதளவாவது நிலம் ஒதுக்கி, பூச்சூட்டல் திருமொழியில் வரும் செடிகளை அவ்வவற்றின் பருவமறிந்து வளர்ப்பது, பெரியாழ்வார் திருமொழிக்குச் செய்யும் காலக்ஷேபத்தின் ஓர் அங்கமாகவே ஆகும். இடம் இல்லாதவர்க்குத் திருத்துழாய் ஒன்று போதும். நாள்தோறும் நீர் வார்த்து, கதிர் கிள்ளி, முதிர்ந்ததை மாற்றி, ஒரு பருவத்திலும் அது வாடாமல் காப்பவன், எல்லாக் காலத்திலும் கைங்கர்யம் செய்யவேண்டும் என்னும் ஆழ்வாருடைய ப்ரார்த்தனையின் பொருளைத் தன் கையாலேயே அறிந்தவனாவான்.